கொழும்புக் கண்ணாடி

புது இடத்தில் படுத்தால் முதலில் கூரையைப் பார்ப்பேன். பயமில்லை, பழக்கம். கொச்சியில் இறால் உரிக்கும் கொட்டகையின் தகரம், குஜராத் கடற்கரையில் நாங்கள் நாற்பது பெண்கள் வரிசையாகப் படுத்திருந்த அறையின் கல்நார் ஷீட், நடுவில் எத்தனையோ ஓலையும் ஓடும். ஒழுகாத கூரை என்று நான் அதிகம் பார்த்ததில்லை. எந்த இடத்தில் ஒழுகும் என்று பார்த்துவிட்டு, அதிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் பாயை விரித்துவிட்டால் தூக்கம் வந்துவிடும். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். பள்ளிக்கூடத்தில் படித்தது எதுவும் மிச்சமில்லை. இது வீட்டில் படித்தது.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. வீடாகக் கட்டியதல்ல. எந்தக் காலத்திலோ பருத்தி அடுக்கிய பண்டகசாலை. குறுக்குச் சுவர் வைத்து ஐந்து துண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். நடுத்துண்டு எங்களுக்கு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்னால் ஒரு கதவு, பின்னால் அடுப்படி, நடுவில் ஜன்னலே இல்லாத நீளமான அறை. அந்த அறைக்கு வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும். தட்டட்டியில், அதாவது மேல்தளத்தில், ஒரு ஆள் கையை விரித்தால் கொள்ளுகிற அளவுக்கு நீள்சதுரமாக ஒரு திறப்பு. அதைச் சுற்றி முழ உயரக் கட்டு. கட்டின் மேல் மரச்சட்டம், சட்டத்தில் கனமான ஒரே கண்ணாடி. மேல்கண்ணாடி என்று சொல்வோம்.

அதன் கீழே உட்கார்ந்துதான் அம்மா சாக்கு தைப்பாள். உப்பளத்துச் சாக்குகள். கோடையில் உப்பு சுமந்து கிழிந்துபோனவற்றை மழைக்காலத்தில் வீடுவீடாகக் கட்டுக்கட்டாகக் கொடுத்துத் தைத்து வாங்குவார்கள். வெளிச்சம் தரையில் ஒரு பாய் அகலத்துக்கு விழும். காலையில் அது மேற்குச் சுவரோரம் இருக்கும், மாலையில் கிழக்குச் சுவரில் ஏறும். அது நகர நகர அம்மாவும் கோணூசியோடு நகர்ந்துகொண்டே போவாள். என்னைக் கூப்பிட வேண்டுமானால்கூட அந்தப் பாய் அகலத்தை விட்டு எழுந்து வரமாட்டாள். அங்கிருந்தே கத்துவாள்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. சட்டமும் உளுத்துப்போயிருந்தது. மழை பெய்தால் அம்மா உட்காரும் இடத்தில்தான் நேராக ஒழுகும். மற்ற இடங்களில் எல்லாம் இருட்டு, ஒழுகாது. வெளிச்சம் உள்ள இடத்தில் தண்ணீர். அம்மா குத்துப்போணியையும் ஈயச்சட்டியையும் வைத்துவிட்டு, அவற்றுக்கு நடுவில் காலைச் சுருட்டிக்கொண்டு தைப்பாள். சாக்கு கொடுக்கிற அண்ணாச்சி கட்டை இறக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து ஒன்றைச் சொல்வார். ஒரு சாக்கு ஈரமாகத் திரும்பி வந்தாலும் அடுத்த கட்டு வேறு வீட்டுக்குப் போய்விடும் என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். வெயில் அடிக்கும் என்பதுபோலச் சொல்வார்.

எனக்கு ஐந்து வயதில் அப்பா அந்தக் கண்ணாடியை அளந்தார். அப்பா தோணியில் வேலை செய்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பாய் விரித்துப் போய்வரும் தோணி. எங்கள் ஆட்கள் அளவை எழுதிவைக்க மாட்டார்கள், கயிற்றில் முடிந்துவைப்பார்கள். அப்பா ஏணி வைத்துத் தட்டட்டியில் ஏறி, தார் தடவிய வலைக்கயிறு ஒன்றைச் சட்டத்தின் உட்பக்கமாக வைத்து, நீளத்துக்கு இரண்டு முடிச்சும், அங்கிருந்து அகலத்துக்கு ஒரு முடிச்சும் போட்டார். நீளம் எது அகலம் எது என்று மாறிப்போகக் கூடாது என்று அம்மா தன் பழைய சிவப்புச் சேலையில் ஒரு துணுக்கைக் கிழித்துக் கொடுத்தாள். அதை நடு முடிச்சுக்குள் வைத்து இறுக்கினார். கொழும்பில் வாங்கிய கண்ணாடி என்றால் மூன்று தலைமுறைக்கு நிற்கும் என்று சொல்லி, கயிற்றைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அப்பாவின் முடிச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை அவிழ்க்கப் பல் வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சலாக இருந்த ஒருநாள் அப்பாதான் எனக்குத் தலை பின்னி ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினார். பூப்போலக் கட்டுங்கள் என்று அழுதும் அவருக்கு வரவில்லை. பாய்மரத்தைக் கட்டுவதுபோல இறுக்கி ஒரு முடிச்சு. சாயங்காலம் அம்மா விரலாலும் பல்லாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் சாக்குக் கத்தியால் ரிப்பனையே அறுத்தாள். அப்பா சிரித்தார். “தோணிக்காரன் கைக்கு அவுந்துபோற மாதிரி முடியத் தெரியாதுளா,” என்றார்.

அந்த வருடம் இரண்டு தடவை வந்துபோனார். கண்ணாடி மட்டும் வரவில்லை. முதல் தடவை கடை பூட்டியிருந்தது, இரண்டாம் தடவை தோணி பாரமாக இருந்தது. பிறகு அங்கேயே கரையில் ஒரு கருவாட்டுக் கடையில் வேலை கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு கடிதம், கிறிஸ்மஸுக்கு ஒரு கடிதம் என்று வந்தது. பிறகு கிறிஸ்மஸுக்கு மட்டும். அதன் பிறகு தோணி ஆட்களிடம் வாய்ச்சொல்லாக, நன்றாக இருக்கிறார் என்று.

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் அதற்கு ஒரே பதில்தான். அப்பா வரட்டும். அடுப்படிக் கதவு கீல் கழன்றபோது, அப்பா வரட்டும். கட்டில் கயிறு அறுந்தபோது, அப்பா வரட்டும். மூன்று மழைக்காலம் மேல்கண்ணாடிக்கும் அதுதான் பதில்.

இதில் ரொம்பச் சலித்துப்போனவர் என் மாமா. அம்மாவின் தம்பி. தோணிக்குக் கலப்பத்து பார்க்கிறவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை அது. அவர் வந்து நிற்கும்போதே அந்த வாசனை முன்னால் வந்துவிடும். சட்டிகளைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்து, “கூரை ஓடும் வெங்காயமும் கருவாடும் இங்கன இருந்துதான் அங்கன போவுது. ரொட்டிக்கே வரிசையில நிக்கிற ஊரு அது. அங்கேயிருந்து அத்தான் கண்ணாடி கொண்டு வாராராம். யக்கா, கண்ணாடிய ஏத்தி விட்டதே நாங்கதான்!” என்பார். அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். எனக்கு மாமா மேல் ஆத்திரமாக வரும். கொழும்புக்கே போகாத ஆள் என்ன பேசுகிறார் என்று.

அம்மா தெருக்குழாய்க்குப் போனால் அங்கிருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். குடத்தை நகர்த்தி அம்மாவுக்கு முதலில் இடம் விடுவார்கள். அம்மாவுக்கு அவ்வளவு மரியாதை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு எட்டு வயதானபோது, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஓய்ந்து தோணிகள் மறுபடி ஓடத் தொடங்கிய புரட்டாசியில், ஒரு தண்டல் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோணியை நடத்திப்போகிறவரைத் தண்டல் என்போம். அப்பா கொடுத்தனுப்பியதாக ஒரு பார்சலை நீட்டினார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. காப்பி வேண்டாம் என்றார். நான் போய் அவர் கையைப் பிடித்து, அப்பா எப்போது வருவார் என்று கேட்டேன். “வருவாரு மக்கா, வருவாரு,” என்று சொல்லி மேலே பார்த்தார். “கூரை ஒழுகுதோ?” என்று அம்மாவிடம் கேட்டார். “அது கெடக்கு,” என்றாள் அம்மா. அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எண்ணெய்த்தாளில் சுற்றிய பார்சல். மேலே கயிறு. கயிற்றில் இரண்டு காது வைத்து, பள்ளிக்கூடத்துக்கு ரிப்பன் கட்டுவதுபோல அழகாகப் பூ முடிச்சுப் போட்டிருந்தது. நான்தான் அவிழ்ப்பேன் என்று கையை நீட்டினேன். அம்மா என் கையைத் தள்ளிவிட்டு ஒரு நுனியை இழுத்தாள். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கயிற்றைச் சுருட்டப்போனவள் நடுவில் நின்றாள். விரலில் சிவப்புத் துணுக்கு வைத்த முடிச்சு மாட்டியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு முடிச்சு, இந்தப் பக்கம் ஒரு முடிச்சு. எங்கள் மேல்கண்ணாடியின் அளவு.

அம்மா அந்தக் கயிற்றைத் திரும்பப் பார்சலைச் சுற்றிப் போட்டு, முன்பு இருந்ததுபோலவே பூ முடிச்சுப் போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். இழுத்தாள், அவிழ்ந்தது. மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள். எனக்கு வேடிக்கையாக இருந்தது. உள்ளே ஒரு மெல்லிய வாயில் துணிச் சேலை, தேயிலை, இரண்டு சோப்பு, எனக்கு ஒரு முழம் நீல ரிப்பன். கடிதம் இல்லை. அம்மா எதையும் விரித்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு வெளிச்சம் கிழக்குச் சுவரில் ஏறிப் போய்விட்டது, அம்மா மேற்குச் சுவரோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. தையல்காரரிடம் அளவு ரவிக்கை கொடுப்போம் அல்லவா? புது ரவிக்கை தைத்து முடிந்தால்தானே அளவு ரவிக்கையைத் திருப்பித் தருவார். அதுபோல அளவுக் கயிறு திரும்பி வந்துவிட்டது என்றால், கொழும்பில் கண்ணாடி வெட்டியாகிவிட்டது. அடுத்த தோணியிலோ அதற்கடுத்த தோணியிலோ அப்பா அதைக் கொண்டுவரப்போகிறார். அம்மாவிடம் இதை விளக்கிச் சொன்னேன். அம்மா “ம்” என்றாள்.

மறுநாள் காலையில் அம்மா என்னை இழுத்துக்கொண்டு தோணி கட்டும் கரைக்குப் போனாள். மாமா ஒரு தோணியின் வயிற்றடியில் படுத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். அம்மா குனிந்து, “ஏலே, மேல்கண்ணாடிய மாத்தணும். ஐப்பசி மழைக்கு முன்னால,” என்றாள். மாமா வெளியே வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வழக்கமாகச் சொல்கிற கிண்டல் எதையும் சொல்லவில்லை. “நாளைக்கே வாரேன்க்கா,” என்றார். கொழும்புச் சேலை அடுத்த வீட்டு மதினிக்குப் போனது. அதற்கு வந்த பணத்தில் கண்ணாடி வாங்கினார்கள்.

அப்பாவின் கண்ணாடி வந்துகொண்டிருக்கும்போது எதற்கு இன்னொரு கண்ணாடி? நான் அழுதேன், சாப்பிடமாட்டேன் என்றேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. அம்மா ஆணியில் மாட்டியிருந்த அளவுக் கயிற்றை எடுத்து, சுவரிலிருந்த அந்தோணியார் படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அளவு இல்லாமல் எப்படிக் கண்ணாடி வெட்டுவார்கள், பார்க்கலாம் என்று. மாமா வந்தார். தன் மடியிலிருந்தே ஒரு நூலை எடுத்து அளந்துகொண்டு போய்விட்டார்.

உளுத்த சட்டத்தைக் கழற்றிவிட்டு, தோணிக்கு வெட்டியதில் மிஞ்சிய நன்றாகக் காய்ந்த புன்னைப் பலகையில் மாமா புதுச் சட்டம் செய்தார். இழைத்து முடித்ததும் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணாடியைச் சட்டத்துக்குள் சிக்கென்று பொருந்துகிற அளவுக்கு வெட்டி வாங்கி வந்திருந்தார். தோணிப் பலகைக்குச் செய்வதுபோலவே, ஓரம் முழுக்கப் பஞ்சைத் திரித்து வைத்து, உளியும் கொட்டாப்புளியுமாக மெதுவாகத் தட்டித் தட்டி இறுக்கினார். மேலே குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். தெரு முழுக்கத் தோணித்துறை வாசனை.

அம்மா ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டு, “கடைக்காரரு ஓரத்துல ரெண்டு நூல் இடம் விடணும்னாரே,” என்றாள்.

“கடைக்காரன் கடல்ல எறங்கியிருக்கானா? நான் அடைச்ச தோணி நடுக்கடல்ல சொட்டுத் தண்ணி விடாது. வானத்துத் தண்ணியா விட்டுரும்? தண்ணி உள்ள பூர நம்மளே எடம் விட்டுட்டு அதுக்குப் பேரு வேலையாக்கும்!”

அம்மா இறங்கிவிட்டாள். அவளுக்கு யாரோடும் வாதாடத் தெம்பில்லை.

நான்கு நாள் நல்ல வெயில். பழைய கண்ணாடி மங்கிப் பச்சையாகிப்போயிருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. புதுக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தில் வீட்டில் இருந்த எல்லாம் பழசாகத் தெரிந்தன. சுவரில் உப்புப் பூத்திருந்தது தெரிந்தது. அம்மாவின் முன்தலையில் நரை தெரிந்தது. மாமா தினமும் வேலை முடிந்து வரும்போது அண்ணாந்து பார்த்துவிட்டு, என் தலையில் ஒரு குட்டு வைத்து, “எப்படிளா, ஒங்க கொழும்பு தோத்துதா?” என்பார். நான் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். அந்தக் கண்ணாடி உடைய வேண்டும் என்று.

ஐந்தாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. அதற்கு முந்தின நாள்தான் அண்ணாச்சி ஒரு கட்டுச் சாக்கை இறக்கிவிட்டுப் போயிருந்தார். புதுக் கண்ணாடியைப் பார்த்து, “இனி கவலையில்ல,” என்றும் சொல்லியிருந்தார். மழை பலமாகத்தான் பெய்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாமா வந்து, சட்டைத் தண்ணீரைப் பிழிந்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நடுஅறையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சட்டிகளை எல்லாம் அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

மழை இரண்டு மணி நேரம் போல நின்று பெய்தது. திடீரென்று மேலே சிரட்டை வெடிப்பதுபோல ஒரு சத்தம். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு ஓடியது. அது ஓடுவதை நான் பார்த்தேன். அப்புறம் இன்னொரு கோடு. அப்புறம் தண்ணீர்.

தோணியில் காய்ந்த பலகையைத்தான் வைப்பார்கள். கடலில் இறங்கியதும் அது தண்ணீரைக் குடித்து உப்பும். உப்பினால் இடுக்கு தானாக மூடிக்கொள்ளும். பலகையும் பலகையும் ஒன்றையொன்று நெருக்கும், அதுதான் தோணிக்குப் பலம். மாமாவின் புதுச் சட்டமும் மழையைக் குடித்து அதையேதான் செய்தது. நடுவில் மாட்டிய கண்ணாடிக்குப் போக இடம் இல்லை. இருபது வருடம் தோணி அடைத்த கைக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும்.

நான் கைதட்டினேன். எனக்கு அந்தோணியாரின் வேலை என்றே தோன்றியது. சாக்குகளை ஆளுக்கு இரண்டாக அள்ளிக்கொண்டு அம்மாவும் மாமாவும் இருட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். “அப்பா கொண்டுவார கண்ணாடின்னா ஒடையாது! அப்பா கண்ணாடிதான் வேணும்!” என்று நான் நடுவில் நின்று குதித்துக்கொண்டிருந்தேன்.

மாமா சாக்கைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினார். அவர் முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை. “ஏளா, ஒங்கப்பன் அங்கன ஒண்ணும்...”

“ஏலே,” என்றாள் அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. “கண்ணாடியப் பத்தி மட்டும் பேசு.”

மாமா ஏணியை எடுத்தார். தட்டட்டியில் ஏறி ஒரு தார்ப்பாயைப் போட்டுக் கல் வைத்துவிட்டு, அதே மழையில் நடந்து போய்விட்டார்.

பதினோரு சாக்கு நனைந்துபோயிருந்தது. அம்மா அவற்றை அடுப்படியில் கொடி கட்டிப் போட்டு, மூன்று நாள் அடுப்பை அணையவிடாமல் காயவைத்தாள். தார்ப்பாய் போட்டதால் வீடு முழுக்க இருட்டு. பகலிலேயே சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு, கண்ணுக்குப் பக்கத்தில் ஊசியைக் கொண்டுபோய்த் தைத்தாள். அண்ணாச்சி வந்தபோது சாக்குகளை எடுத்து முகர்ந்து பார்த்தார். புகைவாடை அடித்தது. அம்மாவை ஒருமுறை பார்த்தார். “இந்தத் தடவை எடுத்துக்கிடுதேன். அடுத்த கட்டு இந்த இருட்டுல எறக்க மாட்டேன், கண்ணாடி போட்டுட்டுச் சொல்லி விடு,” என்றார். கட்டு இறங்காவிட்டால் சோறு இல்லை என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அப்பாவின் தோணி அதற்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மழை விட்டு வெறித்த அன்று மாமா தலையைக் குனிந்துகொண்டு வந்து திண்டாடி நின்றார். இரண்டாவது கண்ணாடி தன் பொறுப்பு என்றார். அம்மா அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டாள்.

“அந்தோணியாரு படத்துக்குப் பின்னால இருக்குற கயித்த எடுத்துட்டு வா.”

அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. நான் எடுத்து வந்தேன், கொடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “அப்பா கண்ணாடி வந்துட்டா?” என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அடிக்கக்கூடச் செய்யலாம்.

“வந்தா அத அடுப்படிக்குப் போட்டுக்கிடலாம். அங்கயும் இருட்டாத்தான் கெடக்கு,” என்றாள்.

அது எனக்கு நியாயமாகப் பட்டது. கயிற்றைக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவே தட்டட்டியில் ஏறினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாமாவின் சட்டத்துக்குள் அப்பாவின் கயிற்றைப் போட்டுப் பார்த்தாள். நீளத்திலும் கொஞ்சம் குறைந்தது, அகலத்திலும் கொஞ்சம் குறைந்தது. “அத்தான் அளவு பத்தல,” என்றார் மாமா. “அதுதான் வேணும். இந்த அளவுக்கே வெட்டிட்டு வா,” என்றாள் அம்மா. அப்பா விவரம் தெரிந்துதான் இடம் விட்டு முடிந்தாரா, கொழும்பு மழையில் நனைந்து கயிறுதான் சுருங்கிப்போயிருந்ததா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இந்தத் தடவை பஞ்சும் இல்லை, கொட்டாப்புளியும் இல்லை. கடைக்காரர் சொன்னபடி சீமைச்சுண்ணாம்புப் பொடியை எண்ணெயில் பிசைந்து, கண்ணாடியின் ஓரத்தில் விரலால் அப்பினார்கள். பிடிவாதமில்லாத பசை அது, சட்டம் நெருக்கினால் கொஞ்சம் விலகிக்கொடுக்கும். மாமாவுக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை. கொழுக்கட்டை மாவைப் பிசைவதுபோல இருக்கிறது என்று முனகிக்கொண்டே செய்தார். அடுத்த மழை இரவும் பகலுமாக மூன்று நாள் பெய்தது. ஒழுகவில்லை, உடையவில்லை. மாமா ஏணியடியில் நின்று, “ஒழுகலியே,” என்றார், அது ஏதோ அவரை ஏமாற்றிவிட்டதுபோல.

நான் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் எங்கள் வீட்டில் கொழும்புக் கண்ணாடி போட்டிருக்கிறது என்று சொன்னேன். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. கொழும்பிலிருந்து வந்த அளவு, கொழும்புச் சேலையில் தொடங்கிய வேலை. ஒரு பெண் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, கொழும்பா என்று அம்மாவிடம் கேட்டாள்.  அம்மா ஊசிக்கு நூல் கோக்கத் தொடங்கினாள்.

சாக்குக் கட்டுகள் மறுபடி வந்து இறங்கின. முதல் கட்டைத் தைத்து முடித்த அன்று, கட்டிக் கொடுக்கக் கயிறு இல்லை. அம்மா எழுந்துபோய் அந்த அளவுக் கயிற்றை எடுத்து வந்தாள். அப்பா போட்ட மூன்று முடிச்சுகளும் அப்படியே இருந்தன. வெளிச்சத்தில் உட்கார்ந்து, கோணூசியின் முனையை விட்டு நெம்பியும் பல்லால் கடித்தும் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். வெகுநேரம் ஆனது. ஒரு நகம் பெயர்ந்தது. சிவப்புத் துணுக்கு கீழே விழுந்தது, அது உள்பக்கம் இன்னும் நல்ல சிவப்பாகவே இருந்தது. நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். முடிச்சை அவிழ்த்துவிட்டால் அப்பாவுக்கு அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “கண்ணாடி போட்டாச்சுல்லா,” என்றாள். கயிற்றை நீவி நேராக்கி, சாக்குக் கட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியின் கிடங்குக்குப் போனாள். அதற்குப் பிறகு அடுப்படிக் கதவின் கீலுக்கு ஆள் வந்தது. கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டார்கள். அப்பா வரட்டும் என்று அம்மா சொல்லி நான் கேட்கவில்லை.

பின்னாளில் நானும் எத்தனையோ ஆயிரம் பெட்டி கட்டியிருக்கிறேன். இறால் பெட்டிகள். ஒரே அறையில் நாற்பது பெண்கள் கட்டினாலும், முடிச்சைப் பார்த்து இது இன்னார் கட்டியது என்று சொல்லிவிடுவோம். மேஸ்திரி குறை சொல்லிக்கொண்டு வந்தால் யாரும் தப்ப முடியாது. அப்படி ஒருநாள் வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் பெட்டியின்மேல் இரண்டு காது வைத்துப் பூ முடிச்சுப் போட்டிருந்ததைப் பார்த்துத்தான், என் கை வேலையிலேயே நின்றுவிட்டது. அம்மா தோணிக்காரன் மகள், தோணிக்காரன் பெண்டாட்டி. அந்தப் பார்சலைக் கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவளுக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது. குழாயடிப் பேச்சும் தண்டல் சொல்லாததும் அதற்கு மேல் அவளுக்குத் தேவைப்படவில்லை.

எட்டு வயதில் நான் அதை வேறு விதமாகத்தான் நினைத்திருந்தேன். அந்த நீல ரிப்பனை அம்மா கட்டிவிடும்போதெல்லாம் நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு என் ரிப்பனை அறுக்க வேண்டிவந்ததே, அதை அப்பா மறக்கவில்லை. அங்கே யாரிடமோ கேட்டு, எனக்காகப் பூ முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறார்.